முதலாம் எண் பாதை: கேமரன் மலையில் நடந்தவர்கள் யார்?

கேள்வி

பள்ளி விடுமுறைக் காலத்துச் சனிக்கிழமைகளில் கியா பார்ம் சந்தையில் வண்டி நிறுத்த இடம் பிடிப்பதுதான் கேமரன் மலையின் மிகக் கடினமான ஏற்றம். சாலையின் இருபுறமும் ஸ்ட்ராபெரிப் பெட்டிகள், வேகவைத்த சோளம், சர்க்கரைவள்ளி, முட்டைக்கோஸ், தேன் புட்டிகள். பிரிஞ்சாங்கிலிருந்து திரிங்காப் போகும் இந்தச் சாலையில் ஒரு கிளை பிரிந்து, சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தின் பக்கமாக மேலேறுகிறது. தேயிலை முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும் தார்ச்சாலை பிரிஞ்சாங் மலையின் உச்சியில் போய் நிற்கிறது. தீபகற்ப மலேசியாவில் வண்டி ஏறக்கூடிய மிக உயரமான சாலை இதுதான் என்பார்கள்.

இதே உச்சிக்குக் காட்டு வழியாக ஓர் ஒற்றையடிப்பாதையும் உண்டு. பிரிஞ்சாங்கில், கள்ளிச்செடிகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் தோட்டம் ஒன்றின் பின்புறத்திலிருந்து அது புறப்படுகிறது. அதற்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான்: முதலாம் எண் பாதை. கேமரன் மலையின் காட்டுப்பாதைகள் எல்லாமே இப்படி எண்களால்தான் அறியப்படுகின்றன. நான்காம் எண் பாதை பாரிட் அருவிக்கு, ஒன்பதாம் எண் ராபின்சன் அருவிக்கு, பத்தாம் எண் ஜாசார் மலைக்கு.

பிரிஞ்சாங் மலை 2,000 மீட்டரைச் சற்றே தாண்டும். எண்ணைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. நகரமே ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், கால் உண்மையில் ஏறுவது 500 மீட்டர் அளவுதான். காலைப் பசியாறிவிட்டுப் புறப்பட்டால் மதியச் சோற்றுக்குத் திரும்பிவிடலாம். ஒப்பிட்டுச் சொன்னால், அயர்லாந்தின் மிக உயர்ந்த சிகரமான காரன்டூஹில் 1,038 மீட்டர். கியா பார்மில் முட்டைக்கோஸ் விற்பவர் அதைவிட உயரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஆகவே இதைச் சிகரம் தொடும் சாதனையாகப் பார்க்கத் தேவையில்லை. காடு போர்த்த ஒரு மலையில் அரை நாள் நடை, அவ்வளவுதான்.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி சிறியது. ஒரு வேலையும் இல்லாமல், நடப்பதற்காகவே மலையேறும் வழக்கம் இங்கே எப்படி வந்தது? வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது என்பது வழக்கமான விடை. அந்த விடை ஓய்வைப் பற்றிச் சரி, கால்களைப் பற்றித் தவறு என்பது என் வாதம். இந்த மலையில் ஏறி இறங்கியவர்கள் வேறு மூன்று கூட்டத்தார்: இங்கேயே வாழ்ந்த பூர்வகுடிகள், அளக்க வந்தவருக்கு வழி காட்டியவர்கள், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். அவர்களில் யாரையும் நடையின் வரலாறு ‘நடந்தவர்கள்’ கணக்கில் சேர்க்கவில்லை.

இதுவரை சொல்லப்பட்டது

மலாயாவின் மலை வாசத்தலங்களைப் பற்றிய முதன்மையான நூல் எஸ். ராபர்ட் எய்க்கன் 1994இல் எழுதிய ‘இம்பீரியல் பெல்வெடியர்ஸ்’. பினாங்கு மலை, மேக்ஸ்வெல் மலை, பிரேசர் மலை, கேமரன் மலை ஆகிய நான்கையும் அது ஒரே வரிசையில் வைத்துப் பார்க்கிறது. சமவெளியின் வெக்கையிலிருந்தும் காய்ச்சலிலிருந்தும் தப்பி, சொந்த நாட்டுக் குளிரைத் தேடிப் போன அதிகார வர்க்கத்தின் கதையே அதன் மையம். இந்திய மலை வாசத்தலங்களுக்கு இதே பணியை டேன் கென்னடியின் ‘தி மேஜிக் மவுண்டன்ஸ்’ (1996) செய்தது. ஊட்டியும் சிம்லாவும் இங்கிலாந்தின் மூலை முடுக்குகளாக எப்படிக் கட்டப்பட்டன என்பதை விரித்துச் சொல்லும் கென்னடி, ஒரு முக்கியமான முரணையும் சுட்டுகிறார். இந்தியர்களிடமிருந்து ஒதுங்கி வாழப் போன இடத்தில் சுமை தூக்கவும் சமைக்கவும் பல்லக்குச் சுமக்கவும் இந்தியர்களே தேவைப்பட்டார்கள். வெள்ளையர் ஒருவருக்குப் பல இந்தியர் என்கிற கணக்கில்தான் அந்த ‘இங்கிலாந்து’ நின்றது.

இன்னொரு பக்கத்தில் தோட்டத் தொழிலாளர் பற்றிய ஆய்வுகள். கெர்னியல் சிங் சந்துவின் ‘இந்தியன்ஸ் இன் மலாயா’ (1969), ரவீந்திர கே. ஜெயினின் ‘சவுத் இந்தியன்ஸ் ஆன் தி பிளான்டேஷன் பிரான்டியர் இன் மலாயா’ (1970) ஆகியவை இத்துறையின் தூண்கள். கப்பலில் வந்தவர் எத்தனை பேர், கங்காணி எப்படி ஆள் பிடித்தார், கூலி என்ன, லயத்தில் வாழ்க்கை எப்படி என்பதெல்லாம் இவற்றில் உண்டு. ஆனால் இவற்றின் மையம் ரப்பர், அதாவது சமநிலமும் மேடும். மலேசியத் தமிழ்ப் புனைவும் அப்படித்தான். கித்தா என்கிற ரப்பர் மரத்துக்குக் கிடைத்த பக்கங்களில் நூறில் ஒரு பங்கும் தேயிலைச் செடிக்குக் கிடைக்கவில்லை.

இரண்டு வகை நூல்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை என்பதுதான் சிக்கல். ஓய்வின் வரலாற்றில் நடை உண்டு, தொழிலாளி இல்லை. உழைப்பின் வரலாற்றில் தொழிலாளி உண்டு, அவருடைய கால் இல்லை.

அளந்தவரும் வழி காட்டியவரும்

மலைக்கு யார் பெயர் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885இல் பகாங் – பேராக் எல்லையை ஒட்டி வரைபடம் தயாரிக்கப் போனபோது, மலைகளுக்கு நடுவே மென்சரிவான உயர்நிலம் ஒன்று இருப்பதாக எழுதினார். அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட்டார். அவர் சொன்ன இடம் எது என்பதைப் பின்னால் வந்தவர்களால் அவருடைய வரைபடத்தை வைத்துச் சரியாகக் குறிக்க முடியவில்லை. ஆக, தாம் கண்ட இடத்தை வரைபடத்தில் தவறவிட்டவரின் பெயர் மாவட்டத்துக்கு நிலைத்தது. பேராக்கின் ரெசிடென்டாக இருந்த ஹியூ லோ அங்கே ஆரோக்கியத் தலம் ஒன்று வேண்டும் என்று விரும்பினார். அது விருப்பமாகவே கிடந்தது. ஜார்ஜ் மேக்ஸ்வெல் 1925இல் வந்து பார்த்த பிறகுதான் திட்டம் அசைந்தது. தாப்பாவிலிருந்து மேலேறும் சாலை முடிய 1931 ஆனது.

கேமரனுடன் போனவர்களில் குலோப் ரியாவ் என்பவரின் பெயர் மட்டும் பதிவில் தப்பி நிற்கிறது. அவரும் அவருடைய ஆட்களும் இல்லாமல் கேமரன் நாலு முகடு தாண்டியிருக்க மாட்டார். அவர்களுக்கும் முன்னால் அங்கே வழி இருந்தது, ஏனெனில் அங்கே ஊர்கள் இருந்தன. இம்மலைத் தொடர் செமாய் மக்களின் நிலம், வடக்கே தெமியார் மக்களின் நிலம். மலைச்சரிவில் தினையும் மலைநெல்லும் மரவள்ளியும் பயிரிட்டு, ஊதுகுழலால் வேட்டையாடி வாழ்ந்தவர்கள். உறவு பார்க்கவும் சந்தைக்குப் பொருள் கொண்டுபோகவும் அவர்கள் நடந்த வழிகள் பெரும்பாலும் முகட்டையோ ஆற்றையோ ஒட்டிப் போகும். மழைக்காட்டில் நடந்து பழகியவர்களுக்கு இதன் காரணம் விளங்கும். முகட்டில் புதர் குறைவு, நீர் தேங்காது, இறங்கி ஏறி மூச்சு வாங்க வேண்டியதில்லை. இன்றைய எண் பாதைகளிலும் பல, முகடு பிடித்தே ஏறுகின்றன. ஒவ்வொன்றும் பழைய செமாய் வழியின் மேல் போட்டது என்று நிறுவ ஆவணம் இல்லை. ஆனால் காலுக்கு எளிதான வழியைத்தான் இரண்டு கூட்டத்தாரும் தேர்ந்திருக்கிறார்கள். யார் முதலில் தேர்ந்தார்கள் என்பதில் ஐயம் எதுவும் இல்லை. பெயர்களைப் பாருங்கள்: பிரிஞ்சாங், ஜாசார், பெரெம்பான், இராவ். மாவட்டத்துக்குத்தான் ஆங்கிலப் பெயர், இம்மலைகளுக்கு இல்லை.

இவ்விடத்தில் பெட்ரார்க் நினைவுக்கு வருகிறார். காட்சிக்காகவே மலையேறிய முதல் மனிதர் என்று ஐரோப்பிய மரபு கொண்டாடும் இத்தாலியக் கவி. 1336 ஏப்ரல் 26இல் வாந்தூ மலையில் ஏறியதாக அவர் எழுதிய கடிதம் புகழ்பெற்றது. அதே கடிதத்தில் மலையடிவாரத்தில் ஒரு கிழ இடையரைச் சந்தித்ததையும் சொல்கிறார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தானும் உச்சிவரை ஏறியதாகவும், கிழிந்த துணியையும் அலுப்பையும் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை என்றும் சொல்லி, ஏற வந்தவர்களைத் திரும்பிப் போகச் சொல்கிறார் இடையர். முதல் ஏற்றத்தின் சாசனத்திலேயே, அதற்கு முன்பே ஏறியவர் ஒருவர் நிற்கிறார்! வரலாறு அவரை எண்ணவில்லை, அவர் கடிதம் எழுதவில்லை என்பதால்.

தோட்டத்துக் கால்கள்

சாலை வருவதற்குச் சற்று முன்பே தேயிலை வந்துவிட்டது. ஜே.ஏ. ரசல் 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலை பயிரிட்டுத் தேர்ந்த ஏ.பி. மில்ன் அவருக்குத் துணை. ஒரே ஒரு நீராவி உருளை, கோவேறு கழுதைகள், தொழிலாளர்கள் – இவற்றைக் கொண்டு காட்டைச் சரித்துச் சரிவுகளைத் தேயிலைக்குத் தயாராக்கினார்கள் என்று அந்நிறுவனமே தன் வரலாற்றில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. உருளைக்கு எண்ணிக்கை உண்டு. தொழிலாளர்கள் ‘தொழிலாளர்கள்’ மட்டுமே. 1933இல் பாரத் தோட்டமும் வந்தது.

அத்தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர். கங்காணி முறையில் ஆள் சேர்ப்பு நடந்துகொண்டிருந்த கடைசிப் பத்தாண்டு அது. 1938இல் இந்திய அரசு, உதவி பெற்று மலாயா போகும் குடியேற்றத்துக்குத் தடை விதித்தது. இலங்கைத் தொடர்பு தற்செயலானதல்ல. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாகக் கண்டி மலைக்குக் கால்நடையாகவே போன தமிழர்கள் உண்டு. வாந்திபேதியில் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். தமிழகத்திலேயே ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஏற்றப்பட்டவர்களின் கதையைப் பி.எச். டேனியல் ‘ரெட் டீ’ என்று 1969இல் எழுதினார். இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். நவீனத் தமிழரின் மலையேற்ற வரலாறு என்று ஒன்று எழுதினால், அதன் முதல் அத்தியாயம் இவர்களுடையதாகத்தான் இருக்க முடியும்.

தேயிலைச் சரிவில் நடப்பது எப்படி என்பதைச் சற்றுக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். செடியை இடுப்பளவுக்கு வெட்டி, மேல்பரப்பை மேசைபோல் தட்டையாக வைத்திருப்பார்கள். தூரத்திலிருந்து பச்சைக் கம்பளம். இறங்கிப் பார்த்தால் நிரைக்கும் நிரைக்கும் நடுவே ஓர் ஆள் உடம்பைத் திருப்பி நுழையும் இடைவெளிதான். கிளைகள் கெட்டியானவை, காலையில் பனி நனைத்திருக்கும். இடுப்புக்குக் கீழே துணி நனையாமல் இருக்க பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். காலைப் பார்த்து வைக்க முடியாது, செடி மறைக்கும். பாதம்தான் தடவிப் பார்த்து மண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். முதுகில் கூடை ஏற ஏற கனக்கும், நிறுக்கும் இடமோ கீழே சாலையோரத்தில். இறக்கிவிட்டு மறுபடி ஏற வேண்டும். இன்று கையால் கிள்ளுவது அருகி, பை கட்டிய கத்தரியும் இருவர் பிடித்து நகர்த்தும் இயந்திரமும் வந்துவிட்டன. பிடித்திருப்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்தவர், நேபாளியர், இந்தோனேசியர். சரிவு மட்டும் மாறவில்லை.

சில வாரங்களுக்கு ஒருமுறை அதே செடி துளிர்க்கும், அதே நிரைக்குத் திரும்ப வேண்டும். ஒரு பெண் முப்பது ஆண்டு கொழுந்து பறித்திருந்தால், எந்த மலையேற்றக் குழுவின் தலைவரையும்விட அதிக உயரம் ஏறியிருப்பார். ஒரே மலையில் ஏறியிருப்பார் என்பதுதான் வேறுபாடு. உச்சிக்கு ஒரு நாளும் போயிருக்க மாட்டார்.

சாமி இல்லாத மலை

இங்கே ஒரு தடை எழும். தமிழர்களுக்குச் சும்மா மலையேறும் பழக்கமே கிடையாது, மேலே கோயில் இருந்தால்தான் ஏறுவார்கள் என்று பலரும் சொல்வதுண்டு. பழநி, சதுரகிரி, வெள்ளியங்கிரி, சபரிமலை. மலேசியாவில் பத்துமலையின் 272 படிகள். நான் முதலாம் எண் பாதையில் போய்வந்ததைச் சொன்னபோது, தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த என் பெரியம்மா கேட்ட முதல் கேள்வியும் அதுதான்.

“மேல என்ன கோயிலு இருக்கு?”

“கோயில் இல்ல பெரியம்மா. டவர் இருக்கு.”

“டவர் பாக்கவா ஏறுன?”

பெரியம்மாவின் கேள்வி நியாயமானது. ஆனால் அதைத் தமிழ் மரபின் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது தவறு. பத்துப்பாட்டில் ‘மலைபடுகடாம்’ இருக்கிறது. பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள், கூத்தராற்றுப்படை என்றும் பெயர். பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், நன்னனிடம் போகவிருக்கும் இன்னொரு கூத்தனுக்கு வழி சொல்கிறான். அந்த வழி முழுக்கக் காடும் மலையும். தினைப்புனத்தை அழிக்க வரும் பன்றிக்காக வெட்டிய பொறிக்குழிகள் எங்கே இருக்கும், இரவில் நடக்கலாமா, புனம் காப்பவர் கவணில் எறியும் கல் எங்கிருந்து வரும், வழுக்குப் பாறையில் எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பாம்பு கிடக்கும் இடம், குறவர் குடியில் என்ன சாப்பாடு கிடைக்கும் – எல்லாம் அதில் உண்டு. மலையில் எழும் பல்வேறு ஓசைகளைப் பட்டியலிடும் பகுதியிலிருந்தே நூலுக்குப் பெயர் வந்தது. இதைவிடத் தெளிவான மலைநடைக் கையேடு வேறு எந்த மொழியின் பழம்பாட்டில் இருக்கிறதோ எனக்குத் தெரியவில்லை.

கூத்தர்கள் நடந்தது பிழைப்புக்காகத்தானே என்று கேட்கலாம். ஆம். ஆனால் பிழைப்புக்காக நடப்பவன் காட்டை ரசிக்க மாட்டான் என்ற முன்முடிவைத்தான் அந்தப் பாட்டு உடைக்கிறது. ஆபத்தைச் சொல்லும் அதே மூச்சில் அருவியையும் பலாவையும் மூங்கிலையும் சொல்கிறது. வேலை ஒரு பக்கம், ரசனை ஒரு பக்கம் என்று வெட்டி வைத்தது பிற்காலம்.

அப்படியானால் எண் பாதைகளில் தோட்டத்துத் தமிழர் நடந்த பதிவு ஏன் இல்லை? இரண்டாவது விளக்கம், அலுப்பு. வாரம் முழுதும் சரிவில் ஏறியவர் ஞாயிற்றுக்கிழமையும் ஏறுவாரா? கேட்கச் சரியாகவே தோன்றும். ஆனால் இங்கிலாந்தில் 1932 ஏப்ரல் 24இல் கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில் அத்துமீறி ஏறி நடைபோட்டவர்களில் பலர் மான்செஸ்டர் வட்டாரத்து உழைப்பாளிகள். வேட்டைக்கென்று பிரபுக்கள் அடைத்து வைத்திருந்த நிலத்தில் நடக்க உரிமை கேட்டார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள். உழைத்து அலுத்தவர்கள்தான் மலைக்காகப் போராடியிருக்கிறார்கள். வேறுபாடு எங்கே இருக்கிறது என்றால், ஆலைத் தொழிலாளிக்கு மலை என்பது வேலை இல்லாத இடம். கொழுந்து பறிப்பவருக்கு மலைதான் வேலைத்தளம். அலுப்பு என்ற விளக்கத்தை இந்த அளவுக்கு ஏற்கலாம், இதற்கு மேல் அல்ல. தோட்டத்துப் பிள்ளைகள் ஏன் போகவில்லை என்பதை அது சொல்லாது.

எனக்குப் படுவது மூன்றாவது காரணம்: அந்தக் காடு யாருக்குத் திறந்திருந்தது என்பது. ஜப்பானியர் ஆட்சியில் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்குக் காடு என்ற சொல்லின் பொருள் வேறு. அதை அடுத்து 1948 முதல் 1960 வரை அவசரகாலம். கம்யூனிஸ்டு கெரில்லாக்களுக்கு அரிசி போய்ச் சேரக் கூடாது என்று தோட்டங்களில் கட்டுப்பாடு, காட்டோரம் நடமாடினால் சந்தேகம். பூர்வகுடி மக்களையே காட்டிலிருந்து பெயர்த்து வேறிடத்தில் வைத்தார்கள். 1954இல் அவர்களுக்கென்று தனிச் சட்டம் வந்ததும் இந்தச் சூழலில்தான். காலங்காலமாக நடந்தவர் நடந்தால் அது குற்றத்துக்கு அடையாளம். ஓய்வுக்கு வந்த சிப்பாயும் துரையும் நடந்தால் அது உலாவல். எண் பாதைகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறன்று தானா ராத்தா நகருக்கு அருகே தாம் தங்கியிருந்த மூன்லைட் பங்களாவிலிருந்து நடக்கப் போய்க் காணாமல் போனார். போலீஸ், ராணுவம், பூர்வகுடி வழித்தேர்ச்சியாளர்கள் என்று நூற்றுக்கணக்கானோர் தேடினார்கள். தடயம் ஒன்றும் கிடைக்கவில்லை. இன்றுவரை கேமரன் மலையைப் பற்றிய எந்தக் கையேடும் இக்கதையை விடுவதில்லை. ஒரு கனவான் நடந்து தொலைந்தால் அது மர்மம், புத்தகங்களுக்குப் பொருள். மன்னார்ச் சாலையில் தொலைந்தவர்கள் எண்ணிக்கைக்குள் போய்விட்டார்கள்.

பாதையின் மேல்

இனிப் பாதையைப் பார்க்கலாம். முதலாம் எண் பாதை முதல் நிமிடத்திலிருந்தே செங்குத்து. வெட்டிய படி என்று எதுவும் இல்லை, மரவேர்கள்தான் படி. சில இடங்களில் வேரைக் கையால் பற்றி உடம்பைத் தூக்க வேண்டும். மண் கறுப்பு, தேநீர் வடிகட்டியபின் மிஞ்சும் சக்கைபோல நனைந்து பொதபொதவென்றிருக்கும். அது மண் என்று சொல்வதுகூடப் பாதி உண்மை. குளிரிலும் ஈரத்திலும் முழுதாக மட்காத இலையும் வேரும் பாசியும் கருங்கல் மேல் மெல்லிய போர்வையாகப் படிந்தது அது.

ஏற ஏற மரங்கள் குள்ளமாகின்றன. கீழே நெட்டையாக நின்ற ஓக் இனத்தையும் லாரல் இனத்தையும் சேர்ந்த மரங்கள் போய், முறுக்கிய தண்டுகள், ரோடோடென்ட்ரான் புதர்கள். தண்டு தெரியாதபடி பாசி. கை வைத்தால் மணிக்கட்டு வரை அமுங்கும், எடுத்தால் தண்ணீர் சொட்டும். மேகம் காட்டுக்குள் நுழையும்போது இலையும் பாசியும் அதன் ஈரத்தை வடித்து எடுத்துக்கொள்கின்றன. மழை பெய்யாத நாளிலும் அங்கே மரத்தடியில் சொட்டுச் சத்தம் கேட்பதற்கு அதுதான் காரணம். கீழே ஓடும் பெர்த்தாம், தெலோம் ஆறுகளின் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. இடையிடையே குடுவைச் செடிகள், மூடி திறந்து நீர் நிறைத்து, பூச்சிக்குக் காத்திருக்கும். மலாய்க்காரர்கள் அதைக் குரங்குப் பானை என்கிறார்கள். அறிவியல் பெயரைவிட அது பொருத்தம்.

இந்தப் போர்வை காலடியைத் தாங்காது என்பதையும் பாதையிலேயே பார்க்கலாம். நடு வழி சேறானதும் நடப்பவர்கள் ஓரமாக ஒதுங்குகிறார்கள். ஓரமும் சேறாகிறது. ஒரு முழம் அகலமாக இருந்த வழி மூன்று ஆளின் அகலமாகிறது, வேர்கள் தோல் உரிந்து நிற்கின்றன. பக்கத்து இராவ் மலைக்குப் போகும் பாசிக்காட்டில் மரப்பலகை நடைபாதை போட்டதற்கு இதுவே காரணம். காட்டை மிக விரும்புகிறவர்களே அதை மிகத் தேய்க்கிறார்கள் என்பதில் வேடிக்கை உண்டு. ஆனாலும் கேமரன் மலையின் கேடு நடப்பவர்களின் காலணியிலிருந்து வரவில்லை. உச்சியிலிருந்து கீழே பார்த்தால் சரிவு சரிவாக மின்னும் பிளாஸ்டிக் கூரைகள் தெரியும், காய்கறித் தோட்டங்கள். காட்டை வெட்டித் திறந்த மண் மழையில் இறங்கி, 1963இல் முடிந்த சுல்தான் அபு பக்கார் அணையின் ரிங்லெட் ஏரியை வண்டலால் நிரப்பிவந்தது. 2013 அக்டோபரில் அந்த அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்து உயிர்கள் போயின. அடுத்த ஆண்டும் மண்சரிவும் சேறும். அதன் பிறகுதான் அத்துமீறிய தோட்டங்கள் மேல் அரசு நடவடிக்கை கடுமையானது.

அயர்லாந்தின் காட்டு மலைகளோடு ஒப்பிடும்போது இந்த இடம்தான் எனக்கு உறுத்துகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயர்லாந்தில் எஞ்சியிருந்த காடு நூற்றுக்கு ஒன்று அளவுதான். இன்று அங்கே ஒருவர் ஏறும் காட்டு மலை, பெரும்பாலும் வட அமெரிக்க சிட்கா ஸ்ப்ரூஸை வரிசையாக நட்டு வளர்த்த தோட்டம். அவர்கள் தோட்டத்துக்குள் நடந்து அதைக் காடு என்கிறார்கள். இங்கே நாம் பழங்காட்டுக்குள் நடக்கத் தோட்டத்தைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. படம் எடுப்பதோ தோட்டத்தைத்தான்.

உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்கள், வேலி, ஏறிப் பார்க்க ஒரு காட்சிமேடை. பாதை திடீரென்று தார்ச்சாலையில் வந்து முடியும். சேறும் சகதியுமாக நாம் வெளியே வரும்போது, லேண்ட் ரோவரிலிருந்து இறங்கிய சுற்றுலாக் கூட்டம் கால்சட்டையில் கறை படாமல் நின்று பனிமூட்டத்தைப் படம் எடுத்துக்கொண்டிருக்கும். அண்மைக் காலத்தில் ஈப்போவிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் வரும் தமிழ் இளைஞர் குழுக்களையும் பார்க்கிறேன். ஒரே நிறச் சட்டை, கையில் தடி, பையில் நெகிழிப் புட்டி. தோட்டத்தை விட்டு நகரத்துக்குப் போன குடும்பங்களின் மூன்றாம், நான்காம் தலைமுறை. அவர்களுடைய பாட்டிக்கு வேலைத்தளமாக இருந்த மலை, வேலை இல்லாத இடமாக மாற இத்தனை காலம் பிடித்திருக்கிறது.

இறங்கும்போது சாலை வழியே வந்தேன். முழங்காலுக்கு அது நல்லது. காடு முடிந்து தேயிலை தொடங்கும் வளைவில், சாலையை வெட்டிக்கொண்டு ஒரு தடம் நிரைக்குள் ஏறிப் போனது. ஓர் அடி அகலம். தொடக்கத்தில் சரிவு கூடுதல் என்பதால் யாரோ மண்வெட்டியால் இரண்டு படி வெட்டியிருந்தார்கள். மண் இன்னும் காயவில்லை. அங்கே எண் பலகை எதுவும் இல்லை.